இரண்டு சம்பந்திகளும் ஒரு ஸ்விட்சும்

போன ஞாயிற்றுக்கிழமை என் சம்பந்தியோடு நடுரோட்டில் நின்று சண்டை போட்டேன்.

குடும்பச் சண்டையை இப்படிப் பத்திரிகையில் போட்டு உடைக்கலாமா என்று கேட்பீர்கள். உடைக்கலாம். இது நாங்கள் இரண்டு பேருமே ஜெயித்த சண்டை. தவிர, சம்பந்தியிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். “எழுதிக்கோங்க... ஆனா என் வயச மட்டும் எழுதிடாதீங்க” என்றார். எழுதவில்லை. என்னுடையதையும் எழுதப்போவதில்லை.

ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தியின் பெயர் தனலட்சுமி. என் மகள் பிரியாவின் மாமியார். கோவில்பதாகையில் நாலு தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம். இப்போது அந்த நிலத்தில் வீடுகள்தான் விளைகின்றன. நான் மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கடைசியில் திருநின்றவூரில் ஃப்ளாட் வாங்கி உட்கார்ந்தவள். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் நாங்கள் இருவரும் பேசியதை எல்லாம் சுருக்கினால் இரண்டே வரி. “சாப்பிடுங்க சம்பந்தி.” “நீங்க மொதல்ல சாப்பிடுங்க சம்பந்திம்மா.”

அப்படி ஒரு மரியாதை எங்களுக்குள்!

இந்த மரியாதைக்கு நடுவில் சைக்கிள் வந்தது. என் முட்டியைப் பார்த்த டாக்டர், “நடக்கிறதைவிட சைக்கிள் மிதிங்க, நல்லது” என்றார். மிதித்தால் மூச்சு வாங்குமே? எனவே பேட்டரி சைக்கிள் வாங்கினேன். மிதிக்கவும் செய்யலாம், முடியாதபோது மோட்டார் தள்ளிக்கொண்டும் போகும். அதைப் பார்த்த சம்பந்தி, “சோக்கா கீதே!” என்று ஒரு ரவுண்டு ஓட்டினார். அடுத்த வாரமே அதே மாடல், வேறு கலரில், அவர் வீட்டு வாசலில் நின்றது.

பிரியாவுக்குப் பிடிக்கவில்லை. அவளும் மாப்பிள்ளை சதீஷும் அம்பத்தூரில் இருக்கிறார்கள், இருவரும் ஐ.டி. “ரெண்டு பேரும் விழுந்து எலும்பை ஒடைச்சுக்கிட்டா நான் லீவு போட்டு எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுறது?” என்று ஆரம்பித்தாள். ஒரு ஸ்பீட் பிரேக்கரில் சம்பந்தி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது அவள் காதுக்குப் போனதும் தீர்ப்பே சொல்லிவிட்டாள். “ஒரே ஒரு தடவை... ‘மாட்டிக்கிட்டோம், வந்து கூட்டிட்டுப் போ’ன்னு நீங்க போன் பண்ணா போதும். அன்னிக்கே ரெண்டு வண்டியும் வித்தாச்சு.”

நாங்கள் இருவரும் தலையை ஆட்டினோம். பெற்ற பிள்ளைகளிடம் தலையாட்டும் வயது வந்துவிட்டது, என்ன செய்வது?

இந்த நிலையில்தான் சம்பந்தி டிவியில் ஒரு செய்தி பார்த்தார். பூண்டியைத் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுப் பள்ளத்தாக்கில், அத்திரம்பாக்கம் என்ற ஊரில் ஆதி மனிதர்கள் கல்லை உடைத்து ஆயுதம் செய்திருக்கிறார்கள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு! “நம்ம ஊட்டாண்ட இருந்துகினு நாம பாக்கலன்னா எப்பிடி சம்பந்திம்மா?” என்று போன் செய்தார்.

ஆடி மாத ஞாயிறு என்று முடிவானது. விடியற்காலை கிளம்ப வசதியாக, சனிக்கிழமை சாயங்காலமே சம்பந்தி என் வீட்டுக்கு வந்துவிட்டார். பழம், பூ, ஸ்வீட் பாக்கெட் என்று ஒரு பை நிறைய. சைக்கிளில் வந்தாலும் சம்பந்தி சம்பந்திதான்.

கீழே பார்க்கிங்கில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். அதில் ஜங்ஷன் பாக்ஸ் மாட்டி, இரண்டு வண்டிகளையும் சார்ஜில் போட்டோம். காலையில் இரண்டும் ஃபுல்லாகிவிடும். சாப்பிட்டோம், “நீங்க மொதல்ல” எல்லாம் முறைப்படி நடந்தது, படுத்தோம்.

காலையில் வண்டிச் சாவியைத் திருப்பினேன். ஐந்து கோடு காட்ட வேண்டிய மீட்டரில் இரண்டே கோடு.

என் சார்ஜர் பின்னை நான்தான் சரியாகச் செருகவில்லை போலிருக்கிறது. சொல்லலாமா? எப்படிச் சொல்வது? ‘முதல் தடவையா ராத்திரி தங்க வந்தேன், அவங்க ஊட்ல ஒழுங்கா சார்ஜ் கூட ஏறல’ என்று கோவில்பதாகை முழுக்கப் பேச்சாகிவிடாதா? அவருடைய வண்டி எப்படியும் ஃபுல்லாக இருக்கும். நான் மிதித்துச் சமாளித்துக்கொள்வேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

“கிளம்பலாமா சம்பந்தி?”

“போலாங்க சம்பந்திம்மா.”

அவர் குரலிலும் ஏதோ ஒரு சுரத்துக் குறைவு. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளத்தாக்கு என்றதும் உங்களுக்கு ஊட்டி ஞாபகம் வந்திருக்கும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பனி, ஓரத்தில் ஒரு அருவி. அதெல்லாம் இங்கே கிடையாது. எங்கள் பள்ளத்தாக்கில் பள்ளம் கண்ணுக்கே தெரியாது. முட்டிக்குத்தான் தெரியும். தரை கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. மேற்கே போகப் போக, சமதரை மாதிரியே இருக்கும் ரோடு ரகசியமாக ஏறிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு ஆடிக் காற்று வேறு நேராக முகத்தில் அடித்தது.

மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தேன். சார்ஜை மிச்சம் பிடிக்க வேண்டுமே! ஆனால் சம்பந்திக்குத் தெரியக்கூடாது. எனவே முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டேன்.

“மெதுவாவே போலாம் சம்பந்தி. அவசரம் ஒண்ணும் இல்லையே?”

“ஆமாங்க, இயற்கையப் பாத்துகினே போலாம்.”

செவ்வாப்பேட்டையில் என்ன இயற்கை இருக்கிறது? லாரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனோம்.

திருவள்ளூர் டீக்கடையில் நைசாகக் கேட்டேன். “உங்க வண்டியில எவ்வளவு கோடு இருக்கு?”

“நெறைய கீதுங்க. உங்களுதுல?”

“எனக்கும் நிறைய.”

இருவரும் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். அவர் ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது. பேட்டரியில் போகிறவருக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டாமா?

பூண்டி ஏரிக் கரையேற மோட்டாரைப் போட்டே தீர வேண்டியிருந்தது. ஏறினோம். அடடா! பரந்து கிடந்த தண்ணீரைப் பார்த்ததும் கால்வலி எல்லாம் மறந்துபோனது. அரை நூற்றாண்டு கழித்து சைக்கிளில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று எனக்கு நானே கை தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கிருந்து வடக்கே திரும்பி, வயல்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனதும் என் கடைசிக் கோடு கண் சிமிட்டி அணைந்தது. மிதித்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தேன். சம்பந்தியும் மிதித்துக்கொண்டிருந்தார். நின்று, எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

இறங்கினேன். “சம்பந்தி... உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு இருக்கு?”

“ஒண்ணும் இல்லங்க.”

“ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறுச்சே?”

அவர் ரோட்டைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், பிறகு சொன்னார். “நாந்தான் படுக்கறதுக்கு முன்ன கீழ போயி ஸ்விட்ச ஆப் பண்ணிட்டு வந்தேன். பொண்ணு எடுத்த ஊட்ல வந்து ராவெல்லாம் கரண்ட்டு புடிச்சிகினு போனான்னா நல்லாவா கீது? பாதி ஏறிச்சி, போதும்னு...”

“ஐயோ! அது ஜங்ஷன் பாக்ஸ் சம்பந்தி! ஒரே ஸ்விட்சு! என் வண்டியும் அதிலதானே இருந்துச்சு?”

“அது எனக்கு இன்னா தெரியும்? உங்க வண்டி ஏறலன்னு காலைலயே பாத்தீங்க இல்ல? ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லாதப்ப நான் எப்பிடிங்க சொல்றது?”

அவ்வளவுதான். ஆறு வருடத்து மரியாதை அந்த இடத்தில் வெடித்தது. ஸ்விட்சில் தொடங்கிய சண்டை நேராகக் கல்யாண மண்டபத்துக்குப் போனது.

“முகூர்த்தத்தன்னிக்கு எங்க ஆளுங்க உக்காந்த பந்தில பாயசமே வரல, தெரியுமா உங்களுக்கு?”

“அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு அண்டா கொண்டுவந்து கவுத்திருப்பேனே!”

“எப்பிடிச் சொல்றது? மாப்ள ஊட்டுக்காரங்க பாயசத்துக்கு அலையறாங்கன்னு பேரு வரவா?”

“நீங்க மட்டும்? வருஷா வருஷம் தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தர்றேனே... ஒரு நாளாவது கட்டியிருக்கீங்களா?”

“அது இன்னா கலரு? அத்தக் கட்டிகினு தெருவுல போனா என் ஊட்டு நாயே என்னப் பாத்து கொலைக்கும்! நீ இன்னா கண்ணத் தொறந்துகினுதான் எடுக்கிறியா?”

நீ!

சொன்னவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். நானும் மலைத்து நின்றேன். சம்பந்தியை ‘நீ’ என்பதா? எங்கள் ஊரில் இதற்குப் பஞ்சாயத்தே கூட்டுவார்கள். ஒரு நொடி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எதிரே வந்த டிராக்டர்காரர் வேகத்தைக் குறைத்து எங்களைக் கவலையாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்ததும் சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“போன் மட்டும் பண்ணிடாதீங்க சம்பந்திம்மா. இந்த வண்டி வர்றதுக்கு முன்ன, ஒரு கோயிலுக்குப் போவணும்னாலும் சதீஷு எப்ப வருவான்னு செருப்ப மாட்டிகினு வாசல்ல குந்திகினு இருப்பேன். அவன் வந்து ‘இன்னிக்கு டயர்டா கீதும்மா’ன்னுவான். செருப்பக் கழட்டி வெச்சிட்டு உள்ள போவேன். மறுபடியும் என்னால அப்பிடி குந்திகினு இருக்க முடியாது.”

என் கதையும் அதேதான். நான் காத்திருந்தது பிள்ளைக்கு இல்லை, என் கணவருக்கு, அது ஒன்றுதான் வித்தியாசம். “செத்தாலும் போன் பண்ணமாட்டேன்” என்றேன். கொஞ்சம் ஓவர்தான். ஆனால் மனதாரச் சொன்னேன்.

மீதி தூரத்தை மிதித்தும் தள்ளியும் கடந்தோம். இந்த முறை நடிப்பு இல்லை. “முடியல சம்பந்தி, நில்லுங்க” என்று நான் சொன்னேன். “அப்பாடா, நீங்க சொல்வீங்கன்னுதான் பாத்துகினு இருந்தேன்” என்று அவர் உடனே உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லிக்கொண்டே போனால் பாதி வலி குறைகிறது!

அத்திரம்பாக்கம் வந்தோம். செம்மண் மேடு, மழைநீர் அரித்த ஓடைகள், முள் புதர், எங்கு பார்த்தாலும் கூழாங்கற்கள். பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அங்கே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் ஆட்கள் ஊர், பேர், சாதி எதுவும் கண்டுபிடிக்காத காலத்தில், இதே மேட்டில் ஒருவர் உட்கார்ந்து கல்லைத் தட்டிக் கூராக்கியிருக்கிறார். தாகமெடுத்தால் இதே ஆற்றுக்கு இறங்கியிருக்கிறார்.

“அவங்களுக்கும் சம்பந்திங்க இருந்திருப்பாங்களா?” என்று கேட்டார் சம்பந்தி.

“இருந்திருப்பாங்க. ஆனா மனசுல தோணுனதைப் பேசியிருப்பாங்க. அதான் இத்தனை லட்சம் வருஷம் தாக்குப்பிடிச்சிருக்காங்க.”

கற்களை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. ஒரு செல்ஃபி மட்டும் எடுத்தோம். அதில் இரண்டு பேர் தலையும் பாதிதான் வந்திருக்கிறது. பரவாயில்லை. அங்கே நின்றது நாங்கள்தான் என்பதற்கு அது போதும்.

சரி, வந்தாயிற்று. திரும்பிப் போவது எப்படி?

திரும்பும் வழியில் ஒரு கிராமத்தில் ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். வேப்பிலைத் தோரணம், வரிசையாகப் பெண்கள், கையில் தூக்குவாளி. கோயில் பக்கத்தில் மைக் செட்காரர் ஜெனரேட்டர் வைத்து, ஆம்ப்ளிஃபையரும் சீரியல் லைட்டுமாகக் கடை விரித்திருந்தார். சம்பந்தி பார்த்தது கூழை அல்ல, அவருடைய ப்ளக் போர்டை.

நேராகப் போனார். “அண்ணாத்தே! ரெண்டு பிளக்கு காலியா கீதா? எங்க வண்டிக்கு ரவ கரண்ட்டு ஏத்திக்கணும்.”

நான் அசந்துபோனேன். “என் வீட்டு கரண்ட் கசந்துச்சு. இவர்கிட்ட மட்டும் உரிமையா கேக்குறீங்க?”

“இவரு இன்னா எனக்கு பொண்ணா குடுத்தாரு?”

நாங்கள் கழற்றி வைத்த பேட்டரிகளையும் பையிலிருந்து எடுத்த சார்ஜர்களையும் மைக் செட்காரர் சுற்றி வந்து பார்த்தார். “இன்னாக்கா இது, வெடிகுண்டு மாரி கீது? செட்டு ஒண்ணும் ஆயிடாதே?” என்று சந்தேகப்பட்டவர், சீரியல் லைட்டில் ஒரு வரிசையை அணைத்துவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். பகலில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? பேட்டரி ஏறியது. நாங்கள் கூழ் குடித்தோம். பச்சை வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. இரண்டாவது சொம்பை நானே கேட்டு வாங்கினேன். சம்பந்தி ‘நீங்க மொதல்ல’ என்று சொல்லவே இல்லை.

அப்போதுதான் போன் அடித்தது. பிரியா.

“அம்மா, எங்க இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு?”

“கோயில்லம்மா. கூழ் குடிச்சுக்கிட்டு இருக்கோம்.”

பொய் ஒன்றும் இல்லையே? அத்தோடு வைத்திருப்பாள். ஆனால் அந்த நேரம் பார்த்து விழாக் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்தால் வரவேற்பு சொல்வார்கள் இல்லையா, அதே கம்பீரக் குரலில்...

“நம்ம அம்மனைக் காண, ஆவடிப் பக்கத்திலிருந்து சைக்கிளிலேயே வந்து, பேட்டரி தீர்ந்துபோன நிலையிலும் மனம் தளராமல், நமது கூழ்வார்த்தல் விழாவில் கலந்துகொண்டிருக்கும் இரண்டு தாய்மார்களை விழாக் குழு சார்பாக வருக வருக என வரவேற்கிறோம்!”

ஊரே திரும்பிப் பார்த்தது.

“அம்மா... பேட்டரி தீர்ந்துடுச்சா?”

சம்பந்தி போனை வாங்கினார். “ஆமாங்கண்ணு, தீந்துச்சு. ஏறிகினு கீது. ஆனா ஒண்ணு... நாங்க உனக்கு போன் பண்ணல. நீதான் எங்களுக்குப் பண்ண.”

“அத்தை! இப்பவே வண்டிய எடுத்துட்டு வரோம். எந்த ஊரு? அங்கேயே இருங்க!”

“இன்னாது? கேக்கல... ஸ்பீக்கரு சத்தமா கீது!” என்று கட் செய்துவிட்டார்.

எனக்குக் கும்பிடத் தோன்றியது. அம்மனுக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று.

ஆனால் நேரம் இல்லை. முழுதாக ஏறும்வரை உட்கார்ந்திருந்தால் கார் எப்படியாவது தேடிப் பிடித்துவிடும். ஏறியவரைக்கும் போதும் என்று மாட்டிக்கொண்டு கிளம்பினோம். மைக் செட்காரர் எங்களுக்காகவே ஒரு பாட்டைச் சத்தமாக வைத்து வழியனுப்பினார்.

இப்போதுதான் அந்த அதிசயம். காலையில் முகத்தில் அறைந்த அதே ஆடிக் காற்று இப்போது முதுகில். ரகசியமாக ஏறிய அதே ரோடு இப்போது ரகசியமாக இறங்கியது. பெடலில் காலை வைத்தால் போதும், வண்டி பறந்தது. சம்பந்தியின் முந்தானை கொடி மாதிரி முன்னால் பறந்தது. திருவள்ளூரைத் தாண்டியபோது எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன். “ஹோய்ய்ய்!” சம்பந்தியும் கத்தினார். பஸ் ஸ்டாப்பில் நின்ற கல்லூரிப் பெண்கள் பதிலுக்குக் கத்தினார்கள்.

வேப்பம்பட்டில் இரண்டு மீட்டரும் அணைந்தன. கவலைப்பட்டோமா? எங்களுக்குக் கால் எதற்கு இருக்கிறது? அந்தக் கடைசித் துண்டை ரயிலோடு போட்டி போட்டு மிதித்தோம். ரயில் ஜெயித்தது, ஆனால் அதற்கு முட்டிவலி கிடையாதே.

என் ஃப்ளாட் வாசலில் கார் நின்றது. பக்கத்தில் பிரியாவும் சதீஷும். எந்த ஊர் என்று தெரியாமல், நாலைந்து ஊர் அலைந்துவிட்டு இங்கே வந்து காத்திருக்கிறார்கள். நாங்கள் மணியடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தோம். பிரியா ஓடி வந்து எங்கள் முழங்கை, முட்டி, உள்ளங்கை என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். சிராய்ப்புகூட இல்லை. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“பயந்தே போயிட்டேன் தெரியுமா?” என்றாள். பாவமாகத்தான் இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன். என் மேலெல்லாம் கருவாட்டு வாசனை.

“விடு பிரியா, இனி விக்கறதெல்லாம் நடக்காது. அம்மா மூஞ்சியப் பாரு” என்றான் சதீஷ். சம்பந்தி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவர் பெற்ற பிள்ளையே அதை இதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “சரி, விக்கல. ஆனா ஒரே ஒரு கண்டிஷன். இனிமே எங்க போனாலும் எனக்குச் சொல்லணும்.”

சம்பந்தி நிதானமாக ஸ்டாண்டு போட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உனக்குச் சொல்லாமலா கண்ணு? போய்ட்டு வந்து மொத வேலையா உனக்குத்தான் சொல்லுவோம்.”